பெண்டிர் காத்த பாட்டேடுகள்



ஏட்டுச்சுவடி என்ற சொல்லைக் கேட்டவுடன் தமிழர் உள்ளத்தில் எழும் உருவங்கள் சில உண்டு. நல்லூர் ஆறுமுக நாவலர், சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை, உத்தமதானபுரம் சாமிநாதையர் ஆகிய பெரியோர் ஊர் ஊராக அலைந்து, செல்லரித்த ஓலைகளைத் தேடி எடுத்து, இரவு விளக்கொளியில் ஒப்புநோக்கிய வரலாற்றை நாம் பள்ளியிலே படித்திருக்கிறோம். 1887ஆம் ஆண்டில் தாமோதரம்பிள்ளை கலித்தொகையை வெளியிட்டார். அதே ஆண்டில் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை வெளியிட்டார். இவர்கள் தேடிச் சென்ற இடங்கள் மடங்கள், வித்துவான்களின் இல்லங்கள், அரண்மனைச் சரசுவதி பண்டாரங்கள். எழுதியவரும் காத்தவரும் தேடியவரும் பெரும்பாலும் ஆடவரே.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது வேறொரு வகை ஏடு. அது மடத்துப் பேழையில் இருந்ததன்று. அரிசிப் பானைக்கும் அஞ்சறைப் பெட்டிக்கும் அருகே, சேலை மடிப்பினுள்ளே, பெண்களால் எழுதப்பட்டு, பெண்களிடையே மட்டும் கைமாறி வந்த பாட்டேடு. அத்தகைய ஏடுகளால் உயிர் தப்பிய புலவர் ஒருவர் தமிழில் உண்டு. அவர் பெயர் செங்கோட்டை ஆவுடையக்காள்.

பதினெட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தவர் என்று அவரைக் கொள்வது வழக்கம். குற்றால மலையின் அடியில், தமிழும் மலையாளமும் சந்திக்கும் எல்லையில் உள்ள ஊர் செங்கோட்டை. அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சார்ந்திருந்த அவ்வூர் 1956ஆம் ஆண்டிலேதான் சென்னை இராச்சியத்துடன் இணைந்தது. அங்கே அந்தணர் குலத்தில் பிறந்த ஆவுடை, பொம்மை வைத்து விளையாடும் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டு, மணம் என்றால் என்னவென்று அறியுமுன்னரே கைம்பெண் ஆனார் என்பது கர்ணபரம்பரைச் செய்தி. திருவிசைநல்லூர் ஸ்ரீதர வேங்கடேச ஐயாவாள் என்னும் மகான் அவ்வூருக்கு வந்தபோது இச்சிறுமிக்கு உபதேசம் செய்தாராம். கைம்பெண் ஒருத்தி குருவை நாடுவதா என்று ஊரார் சினந்து அவரை விலக்கி வைத்தனராம். இறுதியில், ஓர் ஆடி அமாவாசை நாளன்று குற்றாலத்தில் நீராடி மலைமேல் ஏறிச் சென்றவர் திரும்பி வரவில்லை என்று கூறுவர். இவற்றுள் எது வரலாறு, எது பக்தர் சேர்த்தது என்று பிரித்தறிய வழியில்லை. ஆயின் பாடல்கள் இருக்கின்றன. ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கு அதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அவருடைய பெயரையே சற்று நோக்குங்கள். ஞானம் பெற்றவரை அம்மையார் என்றோ தேவியார் என்றோ அழைப்பது நம் மரபு. இவரையோ தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் அக்காள் என்றே அழைத்து வந்தனர். பாட்டியும் அவரை அக்காள் என்றாள். பேத்தியும் அக்காள் என்றாள். பூசைக்குரிய படமாக அவரை உயர்த்திவிடாமல், கிணற்றடியிலே கூட நிற்கும் மூத்தவளாகவே வைத்துக்கொண்டார்கள்.

அக்காளின் பாடல்களில் பேசப்படும் பொருள் அத்வைத வேதாந்தம். வடமொழியில் பாடியமும் வார்த்திகமும் கற்ற பண்டிதர்கள் தமக்குள்ளே விவாதித்துக்கொண்ட பொருள் அது. அதனை அவர் எவ்வடிவில் பாடினார் என்பதிலேதான் வியப்பு இருக்கிறது. வேதாந்தக் கும்மி, வேதாந்தப் பள்ளு, வேதாந்த அம்மானை, வேதாந்த ஆச்சே போச்சே என்பன அவருடைய பாடல்களின் பெயர்கள். கும்மி பெண்கள் வட்டமாக நின்று கைகொட்டி ஆடுவது. அம்மானை பெண்கள் காய்களை மேலே எறிந்து பிடித்து ஆடுவது. பள்ளு வயலிலே சேற்றில் நின்று உழைக்கும் மக்களின் வாழ்வைப் பாடுவது. அக்கிரகாரத்தில் பிறந்த ஒரு கைம்பெண், தம் ஊர்ப் பண்டிதரிடம் கடன் வாங்காமல் நாற்று நடும் பெண்ணிடம் பாட்டின் உருவத்தைக் கடன் வாங்கினார் என்பதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

பொருளிலும் அவர் அஞ்சவில்லை. தீட்டு, எச்சில், ஆசாரம் என்று வீட்டுப் பெண்ணைக் காலை முதல் இரவு வரை கட்டிப்போட்ட விதிகளை எடுத்துக்கொண்டு, அனைத்தும் ஒரே பிரம்மம் என்பது மெய்யானால் இவற்றுள் எது தூய்மை, எது தூய்மையின்மை என்று வினவுகிறார். இக்கேள்வியை ஆடவர் ஒருவர் சபையிலே கேட்டிருந்தால் அது தருக்கம் எனப் போற்றப்பட்டிருக்கும். தீட்டு என்று ஒதுக்கி உட்கார வைக்கப்பட்டவளே கேட்கும்போது அது வேறு ஒன்றாகிவிடுகிறது.

சூடாலைக் கும்மி என்ற அவருடைய பாடலின் கதையையும் சொல்ல வேண்டும். ஞானவாசிட்டத்தில் வரும் கதை அது. சிகித்துவசன் என்பவன் அரசன். சூடாலை அவன் தேவி. இருவரும் ஞானத்தை நாடினர். தேவிக்கு அது வீட்டிலிருந்தபடியே கைகூடியது. அவள் அதனை அரசனிடம் சொன்னபோது, பெண்பேச்சென்று அவன் நகைத்தான். பின்னர்த் தானே ஞானத்தைத் தேடுவதாக நாட்டைத் துறந்து காட்டுக்குப் போனான். அவனுக்கு மனைவி சொன்னால் ஏறாது என்பதை உணர்ந்த சூடாலை, கும்பன் என்னும் இளம் முனிவனாக உருமாறிக் காட்டிற்குச் சென்று, அவனுக்குக் குருவாய் இருந்து உண்மையை உணர்த்தினாள். ஆண்வேடம் புனைந்தால்தான் தன் கணவனே தன் சொல்லைக் கேட்பான் என்ற நிலையை எண்ணிப் பாருங்கள். இக்கதையைக் கும்மியாக்கிப் பெண்கள் கைகொட்டிப் பாடியபோது, அவர்கள் வேதாந்தத்தை மட்டும் பாடினார்கள் என்று நான் நம்பவில்லை.

இப்பாடல்கள் எவ்வாறு நம்மை வந்தடைந்தன? அரசவை எதுவும் இவற்றைப் பேணவில்லை. திருநெல்வேலிச் சீமையின் அந்தணர் வீடுகளில், சிறப்பாகக் கைம்பெண்களிடையே, இவை வாய்மொழியாக வழங்கின. ஆற்றில் நீராடும்போதும், மாவரைக்கும்போதும், கலியாண வீட்டிலும், துயர் வந்த வீட்டிலும் பாடப்பட்டன. ஒரு பெண் மணமாகி வேற்றூருக்குப் போனால் அவளோடு பாட்டும் போயிற்று. பின்னாளில் எழுத்தறிவு பெற்ற பெண்கள் அவற்றைக் கையேடுகளில் எழுதி வைத்தார்கள். தாயின் ஏட்டைப் பார்த்து மகள் எழுதினாள். மாமியின் ஏட்டைப் பார்த்து மருமகள் எழுதினாள்.

அரங்கமும் அவைத்தலைவரும் இல்லாதபடியால் இதனை இலக்கிய வட்டம் என்று அழைக்கப் பலர் தயங்கக்கூடும். நான் தயங்கவில்லை. பாடலைக் கேட்டு, தேர்ந்து, திருத்தி, மனனம் செய்து, அடுத்தவளுக்குக் கொடுக்கும் கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே இலக்கிய வட்டம் இருக்கிறது. அது ஆற்றங்கரைப் படித்துறையில் கூடினால் என்ன, அரண்மனையில் கூடினால் என்ன?

இதே பதினெட்டாம் நூற்றாண்டில் உலகின் மறுபுறத்திலே நிகழ்ந்த ஒன்றை இங்கே ஒப்பிட்டுக் காணலாம். 1740ஆம் ஆண்டிற் பிறந்த மில்கா மார்த்தா மூர் என்னும் பெண்மணி வட அமெரிக்காவிலுள்ள பிலடெல்பியா நகரில் வாழ்ந்தார். குவேக்கர் என்னும் கிறித்தவ சபையைச் சார்ந்த குடும்பம். நெருங்கிய உறவுமுறையில் ஒருவரை மணந்துகொண்டதற்காகச் சபை அவரை விலக்கி வைத்தது. அத்தை மகன், மாமன் மகன் என்று உரிமையோடு சம்பந்தம் பேசும் நம்மவர் இதைக் கேட்டால் சிரிப்பர். அந்த அம்மையார் தம் தோழியரும் உறவினரும் இயற்றிய கவிதைகளைத் தம் கையாலே ஓர் ஏட்டில் எழுதித் திரட்டினார். சூசன்னா ரைட், ஹன்னா கிரிபிட்ஸ், எலிசபெத் கிரேம் பெர்கூசன் என்ற மூவரின் பாக்கள் அதில் மிகுதி. அச்சுக்கூடங்கள் நிறைந்த நகரிலே அவர்கள் ஏன் கையால் எழுதினார்கள்? தன் பெயரை அச்சிலே ஏற்றிக் கடைத்தெருவில் விற்பது குலப்பெண்ணுக்கு அடக்கமன்று என்ற எண்ணம் அங்கேயும் இருந்தது. ஆதலின் கையெழுத்தேடே அவர்களுடைய வெளியீடாயிற்று. ஒருவர் எழுத, பத்துப் பேர் படித்து, அவருள் இருவர் படியெடுத்தால், அதுவும் நூல் வெளியீடுதானே?

அந்த ஏட்டிலே ஹன்னா கிரிபிட்ஸ் 1768இல் இயற்றிய ஒரு கவிதை உண்டு. ஆங்கில அரசு விதித்த வரியை எதிர்த்து, வரி விதிக்கப்பட்ட பொருள்களை வாங்காதீர்கள் என்று பெண்களை நோக்கிப் பாடுவது. அப்பொருள்களுள் ஒன்று தேயிலை! தேயிலை மலையிலிருந்து பேசும் எனக்கு அதனைச் சொல்லாமல் விட மனமில்லை. அவர்கள் மறுத்த தேயிலை சீனத்திலிருந்து சென்றது. இராகலை மலைகளில் தேயிலை வேர்கொள்ள இன்னும் நூறாண்டுகள் இருந்தன. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவிலே பயிரிடத் தொடங்கியது 1867இலேதான்.

மூர் அம்மையாரின் ஏடு 1997ஆம் ஆண்டிலே அச்சேறியது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது கையெழுத்தாகவே காத்திருந்தது. அச்சாவதற்கு முன் அவரை அறிந்தவர், 1787இல் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொகுத்து அச்சிட்ட நீதிநூற்றிரட்டு ஒன்றைக் கொண்டே அறிந்திருந்தனர். கையெழுத்தேடு வெளிவந்த பின்னரே அந்நகரத்துப் பெண்கள் அரசியலும் பாடினர், மரணமும் பாடினர், ஒருவரோடொருவர் கவிதையாலே உரையாடினர் என்பது பலருக்கும் தெரிந்தது.

நமது தீவிலும் உதாரணம் இல்லாமற் போகவில்லை. சிங்கள இலக்கியத்திலே மாத்தறைக் காலம் என்று ஒன்று கூறுவர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதனை ஒட்டியும் தென்மாகாணத்தில் கவிதை செழித்த காலம் அது. அக்காலத்துப் பெண்பாற் புலவருள் தலைசிறந்தவர் கஜமன் நோனா. 1746ஆம் ஆண்டிற் பிறந்த அவருடைய ஞானஸ்நானப் பெயர் டொனா இசபெல்லா கொர்னேலியா பெருமாள். பெருமாள் என்ற பெயரைக் கேட்டதும் தமிழ் நேயர்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள். ஆயினும் அவர் பாடியதெல்லாம் சிங்களத்திலேதான். தெனிப்பிட்டிய என்னும் ஊரிலுள்ள ஆலமரத்தை அவர் வருணித்த பாக்கள் புகழ்பெற்றவை. அவரும் அக்காலத்துப் புலவர்களும் கவிதையிலேயே திருமுகம் எழுதி, கவிதையிலேயே மறுமொழி பெற்றனர். வறுமையுற்ற காலத்தில், மாத்தறையிலிருந்த ஆங்கில அதிகாரி ஜோன் டொயிலிக்கு அவர் தம் குறையைக் கவிதையாகவே எழுதி முறையிட்டு நிலம் பெற்றார் என்பர். மனு எழுதுவோர் இன்றும் பலர் உளர். கவிதையாக எழுதி நிலம் பெற்றவரை நான் இன்னும் கண்டதில்லை.

ஐதராபாத்தில் மாஹ் லக்கா பாயி சந்தா என்னும் அரசவைக் கலைவாணி தம் உருதுக் கவிதைகளைத் தாமே தொகுத்து, 1799ஆம் ஆண்டிலே ஜோன் மால்கம் என்ற ஆங்கிலப் படைத்தலைவருக்குக் கையெழுத்துப் பிரதியாகப் பரிசளித்தார். அந்தப் பிரதி இலண்டன் பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அரசவையைச் சார்ந்த பெண்ணின் ஏடு கடல் கடந்தும் பத்திரமாக இருக்க, அடுப்பங்கரைப் பெண்ணின் ஏடு அடுத்த மழைக்குத் தாங்குமோ என்ற நிலையில் இருந்தது. எழுதப்பட்ட கவிதையின் தரத்தை மட்டும் கொண்டு ஏடுகள் பிழைப்பதில்லை. யார் வீட்டில் இருந்தன என்பதைக் கொண்டே பெரிதும் பிழைத்தன.

செங்கோட்டை அக்காளிடம் மீண்டும் வருவோம். அவருடைய பாடல்களைத் தேடித் திரட்டியவர்களில் ஆய்க்குடி வேங்கடராம சாஸ்திரிகளைக் குறிப்பிட வேண்டும். கோமதி ராஜாங்கம் என்ற அம்மையார், அப்பகுதிப் பெண்களிடம் வழங்கிய பாடல்களைத் தொகுத்து உதவினார். திருக்கோவலூர்த் தபோவனத்தைச் சேர்ந்த நித்தியானந்த கிரி சுவாமிகளின் முயற்சியால் 2002ஆம் ஆண்டில் பாடற்றிரட்டு விரிவாக வெளிவந்தது. 2012இல் காஞ்சனா நடராஜன் என்ற பேராசிரியை அவற்றை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அக்காளின் காலத்திலிருந்து எண்ணினால் இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அத்தனை காலமும் இலக்கிய வரலாறு எழுதியோர் பெரும்பாலும் அவரைக் கண்டிலர். ஏனெனில் அவர்கள் தேடிய பரணில் அவர் இல்லை.

பாரதியார் இப்பாடல்களைக் கேட்டிருத்தல் கூடும் என்று கருதுவோர் உளர். அவருடைய மனைவி செல்லம்மாள் பிறந்த கடையம் செங்கோட்டைக்கு அண்மையிலுள்ள ஊர். பாரதியார் 1918 முதல் 1920 வரை அங்கே வாழ்ந்திருக்கிறார். கருத்திலும் சொல்லமைப்பிலும் ஒற்றுமைகள் காட்டுகிறார்கள். இருக்கட்டும். ஆனால் பாரதிக்கு முன்னோடி என்று சொன்னால்தான் அக்காளுக்குப் பெருமை என்பது போலப் பேசுவதை நான் விரும்பவில்லை. அவர் தம் காலிலேயே நிற்க வல்லவர்.

இத்தகைய ஏடுகளைப் பதிப்பிக்கும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அதனைச் சற்று விரித்துச் சொல்லுதல் வேண்டும். ஒரே பாட்டு ஓர் ஏட்டில் பன்னிரண்டு கண்ணியாகவும் இன்னோர் ஏட்டில் ஒன்பது கண்ணியாகவும் இருக்கும். சொற்கள் மாறும். வடசொல்லைச் செவிவழி கேட்டு எழுதியதால் உருச்சிதைந்திருக்கும். புலவர் ஒருவர் கையில் இவ்வேடு கிடைத்தால் அவர் உடனே திருத்த முனைவார், சீரைச் சரிசெய்வார், பிழையை நீக்குவார், மிகை என்று தமக்குத் தோன்றும் கண்ணியைத் தள்ளுவார். ஆசிரியத் தொழிலில் இருப்போர்க்குச் சிவப்பு மையை எடுக்கும் ஆசை பிறவிக்குணம் போன்றது. ஆயினும் இங்கே அதனை அடக்கிக்கொள்ளுதல் நன்று. ஒன்பது கண்ணியோடு நிறுத்தியவள் மறந்து நிறுத்தினாளா, வேண்டாமென்று நிறுத்தினாளா? தீட்டைப் பற்றிய கண்ணிகளைத் தன் மகளுக்குக் கொடுக்கும் ஏட்டில் ஒருத்தி விட்டிருக்கலாம்; மற்றொருத்தி அவற்றையே முதலில் எழுதியிருக்கலாம். எதை எழுதுவது, எதை விடுவது, எதன் பின் எதை வைப்பது என்று தெரிந்தவள் வெறும் படியெடுப்பவள் அல்லள், அவளே தொகுப்பாசிரியை. அவளுடைய தேர்வை நாம் துடைத்துவிட்டால், பாட்டு எஞ்சும். பாட்டைக் காத்தவள் மறைந்துபோவாள்.

இனி, இராகலையில் இருந்துகொண்டு இதனை ஏன் பேசுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

திருநெல்வேலி, மதுரை, திருச்சிராப்பள்ளி, சேலம் முதலிய சீமைகளிலிருந்து நம் முன்னோர் இம்மலைநாட்டுக்கு வந்தனர். அக்காளின் வேதாந்தக் கும்மி அவர்களோடு வரவில்லை. அது வேறு தெருவின் சொத்து. ஆனால் கும்மி வந்தது. தாலாட்டும் ஒப்பாரியும் மாரியம்மன் தாலாட்டும் வந்தன. அக்காள் யாரிடமிருந்து உருவங்களைக் கடன் வாங்கினாரோ அந்த உழைக்கும் பெண்களின் வழித்தோன்றல்களே இங்கே கூடை சுமந்து மலையேறினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் இம்மக்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்த பணி யாவரும் அறிந்ததே. தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள், தோட்டத் தொழிலாளரின் நிலையைப் பாட்டாக இயற்றி 1940இல் அச்சிட்டு, கூட்டங்களிலே தாமே பாடினார். அச்சிலே வந்தபடியால் அவர் பெயர் நிலைத்தது.

அச்சிலே வராத பெண்களும் எழுதியிருக்கிறார்கள். எழுத்தறிந்த தோட்டப் பெண்களிடம் பாட்டுக் கொப்பி என்று ஒன்று உண்டு. இராகலையைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அத்தகைய கொப்பிகள் சிலவற்றை மாணவியர் வாயிலாக நான் கண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்து அப்பியாசக் கொப்பி, பின்னட்டையில் வாய்பாடு, முதுகு கிழிந்து சாக்கு நூலால் தைத்தது. லயத்துப் புகை படிந்து தாள்கள் பழுப்பேறியிருக்கும். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழியும், தோட்டத்தின் பெயரும், டிவிசனின் பெயரும் எழுதியிருக்கும். எழுதியவள் பெயர் சில வேளை இருக்கும், சில வேளை இராது. உள்ளே முருகன் பாட்டு, பிள்ளை மடுவத்தில் பாடிய தாலாட்டு, கங்காணியைப் பழிக்கும் பாட்டு, அதனை அடுத்துப் பழைய சினிமாப் பாட்டு ஒன்று. சினிமாப் பாட்டைக் கண்டு முகஞ்சுளிப்போர் உண்டு. நான் சுளிப்பதில்லை. அவளுக்குப் பிடித்தது அவளுடைய ஏட்டில் இருக்கிறது. பிலடெல்பியாவின் மூர் அம்மையாரும் அதைத்தானே செய்தார்?

ஒரு கொப்பியில் இரண்டு பெண்கள் இருப்பதும் உண்டு. பாட்டிக்கு எழுதத் தெரியாது. பேத்திக்குப் பாடத் தெரியாது. பாட்டி சொல்ல, பேத்தி எழுதுகிறாள். இதிலே ஒப்பாரியை எழுதுவதுதான் கடினம். சாவு நேராத வீட்டில் ஒப்பாரி சொல்லுதல் ஆகாது என்பது நம் வழக்கம். ஒரு மூதாட்டி, லயத்துக்குள் இருந்து சொல்ல மாட்டேன் என்று மறுத்து, பேத்தியை ஞாயிற்றுக்கிழமை தேயிலை மலைக்கு அழைத்துப்போய், கவ்வாத்து வெட்டிய செடிகளின் நடுவே ஒரு கல்லிலே அமர்ந்து, தன் தாய் இறந்தபோது தான் சொன்ன ஒப்பாரியை எழுதுவித்தார். அந்தத் தாள்களை மற்றக் கொப்பியோடு சேர்த்துத் தைக்கவும் அவர் இசையவில்லை. தனியே மடித்து வைத்திருக்கிறார்கள். பதிப்பாசிரியர் எவரேனும் பின்னாளில் அதனைக் கண்டால், ஏன் தனித்தாளாய் இருக்கிறது என்று தெரியாமல் திகைப்பார். ஆகவே தாளின் புறத்திலே அந்தக் காரணத்தையும் எழுதி வைக்கும்படி அச்சிறுமிக்குச் சொன்னேன்.

இக்கொப்பிகளுக்கு நேர்ந்த பேரிழப்பு ஒன்றும் உண்டு. 1964ஆம் ஆண்டு ஒக்டோபரில் செய்துகொள்ளப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 300,000 பேருக்கு இந்நாட்டுக் குடியுரிமை வழங்குவதென்றும் முடிவாயிற்று. எஞ்சிய 150,000 பேரைப் பற்றி 1974இல் முடிவு செய்தனர். மனிதரை எண்ணினார்கள், அவர்கள் பெட்டிக்குள் இருந்ததை எண்ணுவார் இல்லை. அண்ணன் குடும்பம் அக்கரைக்கு, தங்கை குடும்பம் இக்கரைக்கு என்று பிரிந்தபோது, வீட்டிலிருந்த பாட்டுக் கொப்பி யாரோடு போனது? ஒரு குடும்பத்தில் அது அக்கரைக்குப் போயிற்று. போவதற்கு முதல்நாள் இரவு, குப்பி விளக்கை வைத்துக்கொண்டு, இங்கே தங்க இருந்த இளையவள் தன்னால் இயன்றவரை பார்த்தெழுதினாள். விடியும் வரையில் எழுதியும் பாதிதான் முடிந்தது. அந்தப் பாதியை நான் பார்த்தேன். தொடக்கத்தில் எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. போகப் போக அவசரம் தெரிகிறது. இறுதியில் ஒவ்வொரு பாட்டுக்கும் முதலடியை மட்டும் எழுதியிருக்கிறாள். எஞ்சியது மனத்தில் இருக்கும் என்று எண்ணினாள் போலும். முதலடிகள் மட்டும் பதினேழு இருக்கின்றன. அவற்றுள் ஐந்துக்குத்தான் இன்று அவரால் மீதியைச் சொல்ல முடிகிறது.

செங்கோட்டையில் நிலபுலமும் ஓட்டு வீடும் எழுத்து மரபும் உள்ள குடும்பங்களிலேயே அக்காளின் பாட்டு அழிவின் விளிம்பு வரை சென்றது. மண்சரிவும் லயத் தீயும் கண்ட இம்மலைகளில், 1983ஆம் ஆண்டுக் கலவரத்தையும் கண்ட குடும்பங்களில், ஒரு கொப்பி எஞ்சியிருப்பதே அரிது. எஞ்சியவற்றையும் பழைய தாள் என்று கடலை சுற்றக் கொடுத்துவிடுகிறோம்.

எங்கள் பாடசாலையில் உயர்வகுப்பு மாணவியர் சிலர் இப்பொழுது தம் வீட்டுக் கொப்பிகளைப் பார்த்து எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். கைத்தொலைபேசியில் படம் பிடித்தால் போதாதா என்று கேட்டனர். படமும் பிடியுங்கள், ஆனால் கையாலும் எழுதுங்கள் என்றேன். கையால் எழுதும்போதுதான், புரியாத சொல்லின் முன் நின்று பாட்டியைக் கேட்கத் தோன்றும். எழுத்துப் பிழையைத் திருத்தக்கூடாது, விட்ட அடியைத் தாமாக நிரப்பக்கூடாது, சொன்னவர் பெயரையும் எழுதிய நாளையும் விடக்கூடாது என்பவற்றை மட்டும் விதியாக வைத்திருக்கிறோம். பிரசித்தமான பாட்டாக இருந்தாலும் விடாமல் எழுத வேண்டும். எது பிரசித்தம் என்பது ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடுகிறது.

அந்தப் பதினேழு முதலடிகளில் எஞ்சிய பன்னிரண்டையும் ஒரு தாளில் எழுதி, திருச்சிராப்பள்ளிப் பக்கம் குடியேறிய அக்காவின் குடும்பத்துக்கு அஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். அங்கே மூலக் கொப்பி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். சென்ற மாதம் மறுமொழி வந்தது. கொப்பி இல்லையாம், ஆனால் அக்காவின் மருமகளுக்கு மூன்று பாட்டுத் தெரியுமாம். அவற்றை எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.